சிவப்புக்கு அடியில் பச்சை

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் முடிவு செய்யக்கூடிய இடம் அது ஒன்றுதான். உள்பக்கத் தாழ்ப்பாள் அங்கே மட்டும்தான் சரியாக விழும்.

விஷயம் பின்னறையைப் பற்றியது. எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, அடுக்களை ஒன்று, அறை இரண்டு. கூடம் மனைவியின் தையல் மெஷினுக்கு. அடுக்களை அவளுக்கு. முன்னறை எங்கள் இருவருக்கும், அதாவது அவளுக்கு. பின்னறை என் இஞ்சின்களுக்கு. நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால், இடைப்பட்ட இடங்களில்.

இஞ்சின் என்றால் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற இஞ்சின் இல்லை. முழங்கை நீளம்கூட வராத டீசல் இஞ்சின்கள். பொம்மை என்று நான் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால், ‘பொம்மை இல்லை, மாதிரி’ என்று உடனே திருத்திவிடுவேன், மனசுக்குள். மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றுக்கும், அசல் இஞ்சின் எந்தக் காலத்தில் எந்த நிறத்தில் ஓடியதோ அதே நிறத்தை அடிப்பதுதான் என் வேலை. நான் வாழ்நாளில் யாரையாவது எதையாவது அடித்திருக்கிறேன் என்றால் அது இந்தப் பெயிண்ட் மட்டும்தான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பெயிண்ட் கிடங்கில் டப்பா எண்ணியே உத்தியோக காலம் போய்விட்டது. அதனால் இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். எந்த நிறத்தையும் கலர் கார்டோடு வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

அசல்கள் ஓடிய ரயில்வேயில் முதலில் டீசல் இஞ்சினுக்குப் பச்சை அடித்தார்கள், நடுவில் மஞ்சள் பட்டை. பிறகு வந்த பெரிய அதிகாரிக்குப் பச்சை கண்ணைக் கரித்ததோ என்னவோ, எல்லாவற்றையும் அரக்குச் சிவப்பாக்கி வெள்ளைப் பட்டை போட்டார்கள். இப்போது நீலம். என் பதினாலில் ஆறு பச்சை, ஐந்து அரக்கு, மூன்று நீலம். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் பின்னறை ஜன்னலைச் சாத்தி, கறுப்புத் துணி ஆணியடித்திருக்கிறேன். பகல் என்று ஒன்று உண்டு என்பதே அந்த அறைக்குத் தெரியாது. தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. அதன் வெளிச்சத்தில்தான் கார்டைப் பார்ப்பேன், கலப்பேன், அடிப்பேன்.

என் மனைவிக்கும் நிறத்தில் ஒரு கிறுக்கு உண்டு. துணிக்கடைக்குப் போனால் பிடித்த துணியை அப்படியே தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விடுவாள். தெருவில் நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். திருடிக்கொண்டு போகிறாள் என்று கடைப் பையன்கள் பின்னாலேயே வருவார்கள். நான் பையோடு உள்ளே நின்று, அவள் யாரோ எவரோ என்பது போல் மேஜை விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுக்குத் தையல் வேலை பெருகியது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“பின்னறையை எனக்குக் கொடுத்துடுங்க.”

“அங்க இஞ்சின் இருக்கே.”

“ஓடுதா?”

“ஓடாது.”

“அப்ப ஓட்டிடலாம்.”

யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். எங்கள் வீட்டு அகராதியில் அதற்குப் பொருள், யோசித்தாகிவிட்டது என்பது. அதற்குப் பிறகுதான் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு வராது. சிறுவயதிலிருந்தே அப்படி. ஆகவே அவளாகவே வேண்டாம் என்று சொல்ல வைக்க வேண்டும். அவளுக்கு எதிலாவது பயம் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. பஸ் நிறுத்தத்துக்குப் போக ஆஸ்பத்திரிப் பின்கேட் வழி கிட்டம். பிணவறை அங்கேதான். அவள் அந்த வழியில் போனதே இல்லை, சந்தை வழியாகச் சுற்றித்தான் போவாள்.

பேய். முடிவாயிற்று.

மறுநாள் நான் சாப்பிட, அவள் பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தி, நாற்பத்தொன்றாம் எண் இஞ்சினின் கதையைச் சொன்னேன். பச்சைக் காலத்து இஞ்சின் அது. ஒரு பயணத்தில் டிரைவர் கைப்பிடியைப் பிடித்தபடியே செத்துப்போனார். வண்டி மட்டும் நிற்க வேண்டிய ஸ்டேஷனில், நிற்க வேண்டிய கோட்டில், வழக்கம்போல் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், கிளம்பட்டும் என்று கொடி காட்டினார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். பிறகு அதற்கு அரக்கு அடித்தபோது, விடிந்து பார்த்தால் கீழ் விளிம்பிலிருந்து பச்சை ஏறியிருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். மறுபடி பச்சை ஏறியது. மூன்றாவது தடவை அடித்த பெயிண்டர் அதன்பின் வேலைக்கு வரவே இல்லை. பிரஷ் மட்டும் டப்பாவில் நின்றுகொண்டிருந்தது.

கதை முழுக்க என் சொந்தச் சரக்கு. பச்சைப் பொய். நிறத்திலும் பச்சை.

“இதை யார் சொன்னது?” என்றாள்.

“பழைய பெயிண்டர் ஒருத்தர்.”

“இப்ப இருக்காரா?”

“இல்ல.”

“இருக்க மாட்டாங்க,” என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கதைக்குச் சாட்சி வேண்டும். என் அரக்கு இஞ்சின்களில் ஒன்று நாற்பத்தொன்றாம் எண். அதன் மேல்கூடு போலவே உபரியாக ஒரு கூடு என்னிடம் இருந்தது. அதற்கும் அரக்கு அடித்து, அதே எண் எழுதி, கீழ் விளிம்பில் மட்டும் ஈரம் சுவரில் ஏறுவது போல் பச்சையை இழுத்துவிட்டேன். நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கண்ணாடிப் பெட்டியில் நல்ல கூட்டை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். பெட்டிச் சாவி என் சட்டைப் பையில். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “ஆமா, பச்சை,” என்றாள். அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். போன வேகத்தில் பயம் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது.

சாட்சியை யாரும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று நல்ல கூட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, பச்சை ஏறிய கூட்டை என் மழைக்கோட்டின் உள்பையில் ஒளித்தேன். மேல்வீட்டுக்காரரிடமும் விஷயத்தைப் போட்டுவைத்தேன். அவருக்குக் கட்டடத்தில் தந்தி என்று பெயர். சாயங்காலத்துக்குள் லிஃப்டில் வந்த ஒரு பெண்மணி என்னிடம் குசலம் விசாரித்துவிட்டு, என் தோளைத் தாண்டி ஒருமுறை பார்த்துக்கொண்டார். மனைவி பின்னறை வாசற்படி வரைக்கும்தான் பெருக்கினாள். மெஷின் பேச்சே எடுக்கவில்லை.

போதாக்குறைக்கு, நான் ஏற்பாடு செய்யாமலே பின்னறை பல்பு கண்ணடிக்க ஆரம்பித்தது. அணையும், எரியும், ஒரு மாதிரி முனகும். எனக்கு உள்ளூர ஆனந்தம். மனைவியைக் கூப்பிட்டு அதையும் காட்டினேன்.

அவள் ஸ்டூல் கொண்டு வந்தாள். எனக்கு அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். ஆகவே எங்கள் வீட்டில் உயரத்தில் இருக்கிற எதுவும் என் இலாகா இல்லை. கீழே பார்த்தபடி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரை ஓடுகளை எண்ணினேன். என் பார்வைக்குப் பதினொரு ஓடு. அவள் பல்பை மாற்றிவிட்டு இறங்கினாள். “கையெல்லாம் நடுங்குதுங்க,” என்றாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம், அவள் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறைக்குள் போனேன். விளக்கைப் போட்டேன். அறை குளிர்ந்திருந்தது.

ஜன்னல் மூடியிருந்தது. விசிறி ஓடவில்லை. ஆனாலும் ஒரு குளிர்ச்சி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் படுமே, அது மாதிரி. பெட்டியைத் திறக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை என்னுடையதாகத் தெரியவில்லை. வெளுத்திருந்தது. நகக்கண்ணில் நீலம் ஓடியது. மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. சொன்னதைக் கேட்கிறதே தவிர, வேறு யாருடைய கையோ போலிருந்தது.

நாற்பத்தொன்றை எடுத்துக் கார்டோடு வைத்தேன்.

கார்டில் அரக்கு அரக்காக இருந்தது. இஞ்சின் அரக்காக இல்லை. பழுப்பாக இருந்தது. காய்ந்த ரத்தம் எந்த நிறமோ அந்த நிறம்.

கூட்டை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை, நல்ல கூடுதான். உள்பக்கம் என் கையெழுத்தில் எண் இருந்தது. இதன் அடியில் பச்சை கிடையாது. சாம்பல் பிரைமர் இரண்டு கோட், அரக்கு மூன்று கோட், வேறொன்றும் இல்லை. ஆனால் சிவப்பில் பச்சை கலந்தால் பழுப்பு வரும். அது கிடங்கில் டப்பா எண்ணுகிறவனுக்குக்கூடத் தெரியும். சிவப்பை அடித்தவன் நான். அப்படியானால் பச்சையைக் கலந்தது யார்?

பெட்டிக்குள் பார்த்தேன். மற்ற நான்கு அரக்கு இஞ்சின்களும் பழுப்பாகியிருந்தன. தொற்றிக்கொண்டிருந்தது. ஆறு பச்சை இஞ்சின்கள் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவை போலப் பளிச்சென்று நின்றன. என்னைப் பார்த்து நின்றன என்று சொல்வேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடதட சத்தம் அவ்வளவு ஆறுதலாக என்றைக்கும் இருந்ததில்லை.

அவளிடம் சொல்லலாம். ஆனால் என்ன சொல்வது? பேய் வந்துவிட்டது என்றால், முன்னமே வந்துவிட்டதாகச் சொன்னீர்களே என்பாள். முன்னால் சொன்னது சும்மா, இப்போது வந்திருப்பது நிஜம் என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அரக்கு அடித்தேன். டப்பாவைத் திறந்தேன். டப்பாவுக்குள்ளேயே பெயிண்ட் பழுப்பாக இருந்தது. மூடியிருந்த டப்பாவுக்குள் அது எப்படிப் போனது? காய்ந்த பிறகு பார்த்தேன். பழுப்பு.

பொறுக்க முடியாமல் இஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். பின்னறை வாசற்படியைத் தாண்டினேன். தாண்டியதும் என் கையிலேயே அது அரக்கானது.

ஒரு அடி பின்னால் வைத்தேன். பழுப்பு. முன்னால் வைத்தேன். அரக்கு. பின்னால், பழுப்பு. இஞ்சினில் ஒன்றும் இல்லை என்று அப்போது புரிந்தது. அறைக்குள்தான் ஏதோ இருக்கிறது. படியைத் தாண்டி அது வருவதில்லை. இப்போதைக்கு.

“வாசற்படியில நின்னு என்ன ஊஞ்சல் ஆடுறீங்க?” என்று கேட்டபடி மனைவி வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் போனாள். நின்று திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை. நெற்றியில் செத்தவர்களுக்கு வரும் ஒரு பச்சை பூத்திருந்தது.

“வெளிய வா,” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“ஏங்க, உங்க கதையில எத்தனை தடவை சிவப்பு அடிச்சாங்க?”

“மூணு.”

“நீங்க இதுக்கு எத்தனை தடவை அடிச்சிருக்கீங்க?”

கோட் கணக்கை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். “ரெண்டு.”

“அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு,” என்றாள். “அந்தப் பெயிண்டர் என்ன ஆனாருன்னு சொன்னீங்க?”

என் கதைதான். ஆனால் அவர் என்ன ஆனார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வேலைக்கு வரவில்லை என்று விட்டுவிட்டேன். அவசரத்தில் செய்த தப்பு. கதையில் யாரையாவது காணாமல் அடித்தால், அவனை எங்கே வைத்தோம் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பெட்டிக்குப் பின்னால் இருக்கலாம்.

அன்றைக்கு முழுக்க நான் பிரஷைத் தொடவில்லை. மேஜைமேல் டப்பாவில் அது நின்றுகொண்டிருந்தது, பெயிண்டர் இல்லாமல்.

அடுத்த நாள் காலையில், நானாகவே அவள் மெஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

“பின்னறையை நீயே எடுத்துக்கோ.”

“வேணாங்க. அங்க பேய் இருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“நீங்கதானே சொன்னீங்க. தந்தி மாடிப்படி மாடிப்படியாச் சொல்லிட்டு வர்றாரு.”

“அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது.”

“எது கதை? செத்த டிரைவரா, பச்சை ஏறினதா?”

“ரெண்டும்.”

“அப்ப நீங்க ஏன் வாசற்படியோட நிக்கிறீங்க?”

அதற்கு நான் பூசி மெழுகிய பதிலை இங்கே எழுத வேண்டாம். பெயிண்ட் வாசனை மூச்சுக்கு ஆகவில்லை என்பது அதன் சாரம். அவள் ஊசியில் நூல் கோத்தாள். வேண்டவே வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னாள். நான் இன்னொரு முறை கெஞ்சினேன். கடைசியில், நீங்கள் இவ்வளவு சொல்வதால் ஒத்துக்கொள்கிறேன் என்றாள். மெஷினை நான்தான் தள்ளிக் கொண்டு போக வேண்டும். ஜன்னலில் உள்ள கறுப்புத் துணி அப்படியே இருக்கட்டும், மத்தியான வெயில் கண்ணைக் குத்தும். இஞ்சின் பெட்டி மேல் பரணுக்குப் போகும். எடுக்க வேண்டுமென்றால் அவளைக் கேட்க வேண்டும், ஏனென்றால் உயரத்தில் இருப்பது என் இலாகா இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பேயோடு குடித்தனம் நடத்த ஒப்புக்கொண்டவளிடம் பேரம் பேச மனசு வரவில்லை.

மெஷினைத் தள்ளிக்கொண்டு படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அறையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். நான் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றது. சத்தம் வந்தால் மூச்சு வந்தது. அறைக்குள் இருப்பவளுக்கு ஏதாவது ஆனால் அது என் பொய்யால் ஆனது அல்லவா? ஒரு தடவை சத்தம் நின்று, வரவே இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“ஏங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க.”

படியில் நின்றபடி எதற்கு என்று கேட்டேன்.

“இந்தப் புதுப் பல்பு வெளிச்சத்துல அரக்கு நூலும் பழுப்பு நூலும் ஒண்ணாத் தெரியுது. மாத்திக் கோத்துத் தச்சா துணியை மூஞ்சில வீசுவாங்க. பழைய பல்பையே மாட்டிடலாம்.”

“பழசு ஃப்யூஸ் ஆயிடுச்சே.”

“ஃப்யூஸ் ஆகல. லூஸா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

பொத்தான் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பழைய பல்பு பத்திரமாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது. துணியை எனக்கு அடையாளம் தெரிந்தது. என் மழைக்கோட்டின் உள்பைத் துணி. அதில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை தீற்றியிருந்தது.

“சாயம் போகல,” என்றாள். “அதான் அந்தப் பையை வெட்டிட்டு வேற வச்சுத் தச்சுட்டேன். கூடு அங்கயேதான் இருக்கு.”

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கிடைத்த ஒரே ஸ்டூலின் மேல் அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

“கடையில பார்த்தா ஒரு கலர், வாசல்ல பார்த்தா ஒரு கலர். கடை வெளிச்சத்துல ஒண்ணா இருந்த ரெண்டு துணியில வாசல்ல ஒண்ணு மாறும், ஒண்ணு மாறாது,” என்று மேலேயிருந்து சொன்னாள். “பின்ன எதுக்காக நான் துணியைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுறேன்னு நினைச்சீங்க? நீங்கதான் விசிறியைப் பார்த்துட்டு நிப்பீங்களே.”

கடைசியாக ஒன்று கேட்டேன். “உனக்குப் பேய்னா பயம்தானே? ஆஸ்பத்திரி பின்கேட் வழியா நீ போனதே இல்லையே?”

“அந்த வழியில நூல் கடை இல்லீங்க.”

பழைய பல்பு எரிந்தது. அறை சூடானது. என் கைக்கு ரத்தம் திரும்ப வந்தது. பரணைப் பார்க்க எனக்குத் தலை சுற்றும், ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பெட்டிக்குள் ஐந்தும் அரக்காக நின்றன, ஒன்றுமே நடக்காதது போல. அரக்கில் புகுந்தது அரக்கன் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதைப் பெண்பாலாக்கினால் வருகிற சொல்லை நான் எழுதப் போவதில்லை. அவள் இதைப் படிப்பாள்.

“கெட்டியாப் பிடிங்க,” என்றாள், இறங்குவதற்கு முன்னால். “அன்னிக்குப் பிடிச்ச மாதிரியே.”

பிடித்துக்கொண்டேன். பதினொரு ஓடு சரியாக இருந்தது.